பன்னிரண்டாவது கரண்டி

நேற்று ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன் என்னை மறித்து ஒரு பழைய கரண்டியை நீட்டினான். "ஐயா, இது வெள்ளியோ? ஒருக்காப் பாருங்கோ." கடையில் தராசு இருக்கிறது, அமிலம் இருக்கிறது, ஆனாலும் என்னைத்தான் கேட்கிறான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான இந்த லா ஷப்பலில் பிரெஞ்சு வெள்ளியை முத்திரை பார்த்துச் சொல்லக்கூடிய தமிழன் நான் ஒருவன்தான். அது வெள்ளி. அது எங்கிருந்து வந்ததென்று அவன் சொன்ன கதையைத்தான் நான் நம்பவில்லை.

கரண்டியில் மினுக்குப் பசையின் மணம் இருந்தது. எண்பதுகளில் ஒபர்வில்லியேயில், பழைய கரண்டிகளை மினுக்கி விற்கும் பட்டறையில் எனக்கு வேலை. மூக்கைச் சீறினால் கறுப்பாய் வரும். முதலாளி யாரையும் நம்பாதவர். மாலையில் சப்பாத்தையும் கழற்றிக் காட்டச் சொல்வார். அவரிடம் கற்றவை இரண்டு. ஒன்று சந்தேகம், மற்றது முத்திரை. காம்பின் பின்பக்கம், எள்ளளவில், தலைக்கவசம் போட்ட பெண்ணின் தலை இருந்தால் முழு வெள்ளி. செய்தவனின் அடையாளம் நேர்ச் சதுரத்துக்குள் இருந்தால் வெறும் முலாம். பிரெஞ்சு எழுத்து வராதவனுக்குக் கட்டம் வாசிக்கத் தெரிந்தால் போதாதா? உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே மெட்ரோவில் வருவேன், ஏதோ டாக்டர் மாதிரி.

லா ஷப்பலில் ஓரறையில் ஆறு பேர் இருந்தோம். அதில் குணம் மன்னார்க்காரன், என்னைவிட நாலு வயது இளமை. வயதான ஒரு பிரெஞ்சு மதாமின் வீட்டைத் துப்புரவாக்குவது அவன் வேலை. ஒரு ஞாயிறு மத்தியானம் நீலத்துணி பதித்த பெட்டியோடு வந்தான். உள்ளே பன்னிரண்டு கரண்டிகள்.

"மதாம் தந்தவ. கலியாணத்துக்கு வைச்சிரு எண்டு."

"எனக்கு ஒருத்தியும் தேத்தண்ணிக் கரண்டிகூடத் தரேல்லை" என்றான் மூலையில் படுத்திருந்த செல்லத்துரை.

குணம் பெட்டியை என் மடியில் வைத்தான். "நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை."

பதினொன்றிலும் பெண்தலை இருந்தது. பன்னிரண்டாவதில் நேர்ச் சதுரம்.

"பதினொண்டு வெள்ளி, இது முலாம். தந்ததெண்டால் பன்னிரண்டும் ஒண்டாயிருக்கும். களவெடுத்ததிலை நல்லதை எங்கையடா வித்தனி?"

"தந்தபடியே கொண்டந்தனான் அண்ணை!"

"கள்ளனோட ஒரு அறையிலை படுக்கேலாது" என்று செல்லத்துரை எழும்பி, குணத்தின் பையைத் தூக்கிக் கதவடியில் வைத்தான். நான் தடுக்கவில்லை. முத்திரை பொய் சொல்லாது என்பது என் எண்ணம்.

"அப்ப வாங்கோ, மதாமிட்டையே கேப்பம்" என்றான் குணம். பெட்டியை என் மடியிலிருந்து வெடுக்கென்று எடுத்தான். அதையும் நான் களவுக் கணக்கில்தான் சேர்த்தேன்.

மதாம் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய புருஷன் ஒரு கரண்டியை ஆற்றங்கரையில் தொலைத்துவிட்டாராம். பெட்டியில் அந்த இடம் வெறுமையாய்க் கிடக்கக் கூடாதென்று புருஷனே முலாம் கரண்டி வாங்கி வைத்தாராம். எனக்கு அப்போது பட்டறைப் பிரெஞ்சுதான். குணம்தான் தமிழில் சொன்னான். சரியாகத்தான் சொல்கிறானா? கிழவி அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாளா? கண்ணாடியை மறுபடி எடுத்தேன். மதாம் என் கையை விலக்கி, காம்பின் நுனியில் விரல் வைத்தார். பன்னிரண்டிலும் ஒரே இரண்டு எழுத்துகள், நகத்தளவில் வெட்டியிருந்தன. புருஷனின் பெயரெழுத்துகள். கள்ளன் மாற்றி வைத்த கரண்டியில் அவை எப்படி வரும்? கண்ணாடிக்குள் அடங்கியதை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன்.

குணம் பெட்டியை மூடி மேசையிலேயே வைத்தான். மதாம் எவ்வளவு சொல்லியும் எடுக்கவில்லை. படியிறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. "கவனமாயிருக்கிறதிலை பிழையில்லை" என்றேன். அறைக்கு வந்தபோது அவன் பை கதவடியில் வைத்தபடியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்தேன் புறநகருக்குப் போய்விட்டான்.

பட்டறை மூடி எத்தனையோ வருடம். அறை இருந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் ரயில் மேடையில் குணத்தைக் கண்டேன். மனைவியோடு நின்றான். பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடுவதுபோல் மரியாதையாகத்தான் கேட்டான், "முசியே, சுகமாயிருக்கிறியளோ?" அண்ணை என்று அவன் கூப்பிட்டது அந்த ஞாயிறோடு போயிற்று.