சின்ன மாப்பிள்ளை செய்த மிஷின்

இருபத்தாறு வருஷமாக எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிப் பிழைத்து வந்தவர் அவர். தெருவில் எல்லோருக்கும் அவர் காயில்காரர்தான். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக்கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பார். மோட்டார் உறுமுகிற உறுமலை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மாமனார் வீட்டில் ஃபேன் நின்றாலும் பம்ப் மக்கர் செய்தாலும் முதலில் எழும் குரல், “பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க” என்பதுதான். கரண்ட் விஷயத்தில் அவர் வைத்ததுதான் அங்கே சட்டம்.

அதில் கை வைத்தவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன், தையல்காரர். தையல் கடையின் பின்னறையில் ஏழு மாசமாக எதையோ பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தவர், ஒருநாள் ஒரு மிஷினை ஓட விட்டுக் காட்டினார். மோட்டார் சுற்றும்; பெல்ட் வழியாக ஒரு கனத்த இரும்புச் சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரம் ஜெனரேட்டரைச் சுழற்றும்; அதிலிருந்து வரும் கரண்ட் திரும்ப மோட்டாருக்கே போகும். மிச்சத்தில் இரண்டு பல்பு எரியும். வெளிக் கரண்டே வேண்டாம், தானாக ஓடும் என்றார்.

மாமனார் பூரித்துப் போனார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எங்க சின்ன மாப்பிள்ளை” என்று ஆரம்பித்தார். காயில்காரரின் கடைக்கே வந்து, “மிஷின் மூணு மணி நேரமா ஓடுது, பார்க்கலையா?” என்று கேட்டார்கள். அவருக்கு வயிறு எரிந்தது. மோட்டாரோடு பிறந்து வளர்ந்தவன் நான் இங்கே இருக்கிறேன், ஊசியில் நூல் கோர்க்கிறவனுக்கு இத்தனை பேரும் புகழுமா என்று புழுங்கினார். அது நடக்காது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? கட்டிய மனைவியே, “உங்களுக்கு வயித்தெரிச்சல்” என்றாள். அது உண்மையும்கூட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பமே தையல் கடையில் கூடியபோது அவரும் போனார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு இரண்டும் பளிச்சென்று எரிந்தன. அவர் கண் நேராகப் பலகைக்குக் கீழே இருந்த பேட்டரிக்குப் போயிற்று.

“இது எதுக்கு?”

“ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும்தாண்ணே. அப்புறம் அதுவே சார்ஜ் ஆகிடும்.”

வாக்குவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. மாமனார் சின்ன மாப்பிள்ளை பக்கம். கண்டுபிடிக்கிறவனைப் பார்த்து உலகம் முதலில் சிரிக்கத்தான் செய்யும் என்றார். காயில்காரர் எல்லாருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்த்தார்.

“ஒரு குடத்துத் தண்ணிய இன்னொரு குடத்துல ஊத்துறோம். மறுபடி இதுல ஊத்துறோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிந்தும். பெல்ட்டுல சிந்துது, பேரிங்ல சிந்துது, கம்பி சூடாகுதே, அதுலயும் சிந்துது. இதுல பல்புக்கு வேற மொண்டு குடுத்தா எத்தனை நாளைக்கு வரும்? ஓட்டம் எடுத்தப்புறம் பேட்டரிய கழட்டுங்க. ஓடுச்சுன்னா நான் கடைய மூடிட்டுப் போயிடறேன்.”

தையல்காரர் தயங்கவில்லை. அவரே குனிந்து பேட்டரி வயரைக் கழற்றினார். சக்கரம் சுற்றியது. மாமனார் முகம் மலர்ந்தது. பிறகு பல்பு மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது. பெல்ட் தடதடத்து நின்றது. காயில்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது விநாடிகூட ஆகவில்லை.

“நல்லா ஓடிட்டு இருந்ததை நிறுத்திட்டீங்களே, மாப்பிள்ளை” என்றார் மாமனார், பெரிய மாப்பிள்ளையைப் பார்த்து.

காயில்காரருக்குச் சுரீர் என்றது. ஆனால் அதைவிட அடுத்து வந்ததுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. தையல்காரர் வயரைக் கையில் வைத்துக்கொண்டே, “இல்ல மாமா, அண்ணன் சொன்னதுதான் சரி. இவ்வளவு நாளும் பேட்டரிதான் ஓட்டியிருக்கு. நான்தான் ஏமாந்துட்டேன்” என்றார். தோற்பதிலும் அவன் நம்மைவிட ஒரு படி மேலே நிற்கிறானே என்று இருந்தது இவருக்கு.

எங்கே எவ்வளவு வீணாகிறது என்று பார்க்க ஜெனரேட்டரைத் திறக்கச் சொன்னார். மூடியை எடுத்துவிட்டுக் கிட்டே குனிந்து பார்த்தார். உள்ளே காயில், அளவெடுத்துத் தைத்த தையல் போல் இருந்தது. ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறவில்லை. முடிச்சு தெரியவில்லை. ஓரங்கள் அத்தனை ஒழுங்கு.

“இதை யார் கட்டுனது?”

“நான்தாண்ணே. உங்க கடைக்கு வரும்போதெல்லாம் நீங்க கட்டுறதைப் பார்ப்பேன்ல.”

“பரவாயில்ல” என்றார் காயில்காரர். மூடியை அவரே திரும்ப மாட்டினார்.

வீட்டில் தட்டைப் பாதியிலேயே தள்ளிவிட்டு எழுந்தார். ஜெயித்துவிட்டு வந்தவர் மாதிரி தெரியவில்லையே என்றாள் மனைவி. மிஷின் ஓடாது என்று தெரிந்திருந்ததால், இத்தனை நாள் பட்ட பொறாமைக்கு அடியில் ஓர் ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு காயில் தன் கையிலிருந்து வந்ததில்லை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் அதைப் பார்க்கத் தெரியாது என்பது ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே கூச்சமாக இருந்தது.

நாலு மாசம் அவர் தையல் கடைப் பக்கம் போகவில்லை. அப்போது பல் டாக்டர் ஒருவர் சின்ன மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்பி தலைமுடியைவிட மெலிசு. மூன்று தடவை கட்டினார், மூன்று தடவையும் அறுந்தது. விரல் தடித்துவிட்டது, கண்ணும் முன்போல் இல்லை. முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மோட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு தையல் கடைப் படியேறினார். “இதைக் கொஞ்சம் பாருங்க” என்றார், முகத்தைப் பார்க்காமல். தையல்காரர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. துணியைத் தள்ளிவிட்டு மேஜையில் இடம் செய்தார். இரண்டு மத்தியானத்தில் வேலை முடிந்தது.

டாக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை சுத்தமான வேலையைப் பார்த்ததே இல்லை என்றார். காயில்காரர் தலையை ஆட்டிப் பாராட்டை வாங்கிக்கொண்டார். டாக்டர் படி இறங்கித் தெருவைத் தொட்டுவிட்டார். அதற்குள் இவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

“சார், ஒரு நிமிஷம்” என்று கூப்பிட்டார். “அது நான் கட்டுனது இல்ல. என் சகலை கட்டுனது.”

டாக்டர் ஆச்சரியமாகப் பார்த்தார். காயில்காரர் ஒரு படி இறங்கி வந்தார். அப்புறம், “நான் கத்துக்குடுத்ததுதான்” என்று சேர்த்துக்கொண்டார்.