காரவள்ளியில் ஊதிய விசில்

என் தாய்மாமன் மாணிக்கம், சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் பையைக் கழற்றி வைத்துவிட்டு, மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பராக முன்வரிசையில் உட்காருவார். சின்ன சபை, முப்பத்தெட்டுக் குடும்பங்கள்தான். பஸ்ஸில் கத்தித் தீர்க்கிற மனிதர், அங்கே இருமுவதற்குக்கூட வெளியே எழுந்து போவார்.

இருபத்தாறு வருஷம் எங்களுக்குப் போதகராக இருந்த ஆசீர்வாதம் அய்யா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஓய்வு பெற்றார். மலைக்குளிர் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளாமல், சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்குக் குடிபோனார். அவர் இடத்துக்கு இளங்கோ என்ற முப்பத்திரண்டு வயதுக்காரர் வந்தார். இந்த மாற்றத்தைச் சிக்கலில்லாமல் நடத்தித் தரும் பொறுப்பைச் சபை மாமாவிடம் கொடுத்தது.

மாமாவுக்கு ஒரே பயம், சபை மறுபடி உடைந்துவிடக் கூடாது. ஆசீர்வாதம் அய்யா வருவதற்கு முன்னால் ஒரு தடவை உடைந்திருக்கிறது. அப்போது ஓய்வு பெற்றுப் போன போதகர், கல்யாணம் நடத்த, அடக்கம் நடத்த என்று மலையேறி வந்துகொண்டே இருந்தார். சனம் பழையவர் பக்கம், புதியவர் பக்கம் என்று பிரிந்தது. பதினோரு குடும்பங்கள் தனியாகத் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு போயின. அதில் என் சின்னம்மா குடும்பமும் ஒன்று. கூடப் பிறந்த தங்கச்சி வீட்டில் மாமா இன்றுவரை கை நனைத்ததில்லை.

அதனால் மேலிடத்து அலுவலகத்தில் கேட்டு விதிமுறையை வாங்கினார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி, "கண்ணு, இதுல என்ன போட்டிருக்குதுன்னு தமிழ்ல சொல்லு" என்றார். நான் தோஹாவில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷத்துக்குப் பழைய போதகர் சபைக்கு வந்து எந்தக் காரியமும் நடத்தக் கூடாது மாமா" என்று போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறே மாமா அதைச் சபையில் அறிவித்தார். எழுபது வயது தாண்டிய சென்னம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாளாம்: "ஏனுங்க மூப்பரே, அவரென்ன கண்டக்டருங்களா, ட்யூட்டி முடிஞ்சுதுன்னு பையக் குடுத்துட்டுப் போறதுக்கு?"

சபையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். "ஒரு வருஷந்தானுங்க ஆத்தா. புதுசா வந்தவரு காலூணட்டும்."

"அதுக்குள்ள நான் செத்துப்போனா?"

"நீங்க சாவ மாட்டீங்க. பேச்சு இன்னும் பாக்கி இருக்குதில்ல."

விதியை எல்லோரும் காப்பாற்றினார்கள். மாமாவுக்குத்தான் அது தினமும் சோதனை. காலை பத்து இருபது வண்டிக்கு ஆசீர்வாதம் அய்யா குடையோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். "மேல எல்லாரும் சௌக்கியமா மாணிக்கம்?" என்பார். ஒன்று சொன்னால் இன்னொன்று கேட்பார், அப்புறம் யாருக்காவது புத்தி சொல்லி அனுப்புவார், அதிலிருந்து மறுபடி தொடங்கிவிடும் என்று மாமாவுக்குப் பயம். "வண்டி எடுக்குதுங்கய்யா" என்று இரண்டு விசில் கொடுப்பார்.

டிரைவர் வேல்முருகன் திரும்பிப் பார்ப்பார். "ஏண்ணா, இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குதே?"

"எடுடா."

ஏழாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கூட்டத்தில் பின்னால் டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த மாமா, காளப்பநாயக்கன்பட்டி தாண்டிய பிறகுதான் மூன்றாவது சீட்டைப் பார்த்தார். ஆசீர்வாதம் அய்யா. மடியில் பைபிள்.

"சோளக்காடு ஒண்ணு குடு மாணிக்கம்."

"எங்கீங்கய்யா போறீங்க?"

"சென்னம்மாளுக்கு ரொம்ப முடியலையாம். இளங்கோ..."

"இன்னும் அஞ்சு மாசம் இருக்குதுங்கய்யா. இன்னைக்கு நீங்க வந்தீங்கன்னா நாளைக்கு ஒவ்வொரு ஊட்லயும் உங்களத்தான் கேப்பாங்க. போன தடவ இப்படித்தான் ஆச்சுங்க."

"நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளு..."

"வேண்டாமுங்கய்யா. உங்க கால்ல வேணாலும் உழுகறேன்."

மலை தொடங்கும் காரவள்ளியில் மாமா ஒற்றை விசில் ஊதினார். வண்டி நின்றது.  அய்யா குடையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார்.

"வயசான மனுசன எறக்கி உடறியே, உனக்கு மனசு இருக்குதா?" என்று ஒரு அம்மா சத்தம் போட்டாள். மாமா இரண்டு விசில் கொடுத்தார்.

"முப்பதாவது வளைவு வரைக்கும் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு கண்ணு. சபையக் காப்பாத்திட்டேன்னு நெனச்சேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

மலைமேல் சோளக்காட்டில் இளங்கோ பைக்கோடு நின்றிருந்தார். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"அய்யா வரலீங்களா மூப்பரே? நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். அந்தம்மா காலையில இருந்து அவரத்தான் கேட்டுட்டு இருக்காங்க."

"நீங்களா கூப்பிட்டீங்க?" என்று மாமா கேட்டார். "விதி இருக்குதுங்களே..."

"விதியிலயே இருக்குதுங்களே, புதுப் போதகர் கூப்பிட்டா வரலாம்னு."

வண்டி கீழே திரும்பி வரும்போது காரவள்ளியில் அய்யா இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கீழே போகிற வண்டியில் ஏறிவிட்டார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் "அய்யா வந்துட்டாரா?" என்று கேட்டபடி, மூன்று மணிக்குச் சென்னம்மாள் போய்ச் சேர்ந்தாள். இளங்கோதான் பக்கத்தில் இருந்து ஜெபித்தார்.

மறுநாள் மாமா போனில் சொல்லச் சொல்ல, நான் அந்தப் பழைய போட்டோவைத் திறந்து பார்த்தேன். நான் சொன்ன அதே வாக்கியத்தின் பின்பாதி. புதுப் போதகர் அழைத்தால் தடையில்லை. அன்றைக்கே படித்திருக்கிறேன். நேரமாகிவிட்டதென்று விட்டுவிட்டேன். மாமாவிடம் சொன்னேன்.



"நீ சொல்லியிருந்தாலும் நான் எறக்கித்தான் உட்டிருப்பேன் கண்ணு. அவரே சொல்ல வந்தாரு. நான் சொல்ல உடலையே."

எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க மாமா அய்யா வீட்டுக்குப் போனார். டீ கொடுத்து, "நீ உன் வேலையத்தான் செஞ்ச" என்றாராம் அய்யா. அதைப் பற்றி வேறு பேச்சில்லை.

வருஷம் முடிந்தது. சபை உடையவில்லை. இளங்கோவை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாணிக்கம் பக்குவமாக நடத்திக் கொடுத்தார் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் மாமா எழுந்து வெளியே போய்விடுகிறார். அறுப்பின் பண்டிகைக்கு அய்யாவை அழைக்க இளங்கோவும் மாமாவும் சேர்ந்தே போனார்கள். முழங்கால் கேட்காது என்று அய்யா சொல்லிவிட்டார்.

ஆனால் பத்து இருபது வண்டிக்கு இப்போதும் வருகிறார். மாமா கீழே இறங்கி நின்று, அவர் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறார். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் மிளகு காய்கிறது, சென்னம்மாள் கல்லறைக்குச் சிலுவை வைத்தது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, "முன் சீட்டு காலியாத்தானுங்க இருக்குது, ஏறுங்கய்யா" என்கிறார்.

அய்யா குடையால் பஸ்ஸின் தகரத்தை மெல்லத் தட்டுகிறார்.

"வண்டி எடுக்குது மாணிக்கம்."

இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும். மாமா படியேறி, விசிலை வாயில் வைக்கிறார்.