சி பிளாக்கின் விடுதலை

சுப்பராயன் எதில் சேர்ந்தாலும் அதிலிருந்து பிரிந்து வந்துவிடுவார். கல்யாணமான புதிதிலேயே கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தார். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் ஒரு தொழிற்சங்கத்தில் சேர்ந்து, விலகி, இன்னொன்றில் சேர்ந்து, அதிலிருந்தும் விலகிச் சொந்தமாகவே ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதில் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், பொருளாளர் இருந்தார். உறுப்பினர் என்று மட்டும் யாரும் இல்லை. ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூரில் ஒரு பிளாட்டில் குடியேறியபோது, இனி இந்த மனுஷர் பிரிந்து வருவதற்கு உலகத்தில் எதுவும் மிச்சமில்லை என்று அவர் மனைவி ஜெகதாம்பாள் நிம்மதியாக மூச்சுவிட்டாள். குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று இருப்பது அவளுக்கு அப்போது தெரியாது.

மூன்று பிளாக்குகளுக்கும் சேர்த்து ஒரே சங்கம். ஏ, பி இரண்டும் ஐந்து மாடி, லிப்ட் உண்டு. சி பிளாக் இரண்டே மாடி, லிப்ட் கிடையாது. ஆனால் லிப்ட் ரிப்பேர் செலவில் சி பிளாக்குக்கும் பங்கு உண்டு. சங்கத்தின் செயலாளர் ஷோபனா ஏ பிளாக்கில் இருந்தார். வங்கி அதிகாரி. சுப்பராயன் போய் நியாயம் கேட்டதற்கு அவர் சிரித்த முகத்தோடு, "அது பொதுச் செலவு சார்" என்றார். அந்தச் சிரிப்புதான் சுப்பராயனுக்குத் தாங்கவில்லை.

மாடி வீட்டு வெங்கட் லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். படிக்கட்டில் சுப்பராயன் புலம்புவதைக் கேட்டு அவன் சும்மா இருந்திருக்கலாம்.

"அங்கிள், இங்கிலாந்துக்காரனும் இப்படித்தான் சொன்னான். ஐரோப்பிய யூனியனுக்கு எதுக்குப் பணம் கட்டணும்னு ஓட்டுப் போட்டு வெளிய வந்தான்."

"வந்துட்டானா?"

"வந்துட்டான். ஆனா அங்கிள், அதுக்கப்புறம்..."

"அப்புறம் நடந்ததை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி."

அன்று மாலையிலிருந்து சுப்பராயன் செல்போனில் இங்கிலாந்தைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. வெளியே வந்தவரைக்கும் உள்ள வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தார். பின்னால் நடந்ததைப் பற்றிய வீடியோ வந்தால் தள்ளிவிட்டார். வாராவாரம் சி பிளாக் கார் நிறுத்தத்தில் கூட்டம் போட்டார். "நம்மள ஆண்ட வெள்ளைக்காரனுக்கே சுதந்திரம் தேவைப்படுது. நமக்கு வேணாமா?" என்று அவர் கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அவர் கையில் ஒரு பெரிய ஆயுதமும் இருந்தது. மூன்று பிளாக்குக்கும் தண்ணீர் தரும் போர்வெல் சி பிளாக் மண்ணில் இருந்தது. 'நம் தண்ணீர், நம் உரிமை' என்று படிக்கட்டுச் சுவரில் ஒட்டினார். லிப்டுக்குப் போகும் பணம் மிச்சமானால் கீழ்வீட்டாருக்குப் பிள்ளையார் கோயில் கட்டித் தருவதாகச் சொன்னார். அதே பணத்தில் நடுமாடிக்கு கேமரா, மேல்மாடிக்கு உடற்பயிற்சிக் கூடம். ஷோபனாவும் சளைக்கவில்லை. பிரிந்து போனால் சி பிளாக்குக்குக் கொசு மருந்துப் புகை வராது என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எச்சரித்தார். கொசுவும் உங்கள் பக்கமே இருக்கட்டும் என்று சுப்பராயன் பதில் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சி பிளாக்கில் வாக்கெடுப்பு நடந்தது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. பத்திரம் யார் பேரிலோ அவருக்கே அது. சுப்பராயன் பேரில் எழுதினால் வீடு தங்காது என்று ஜோசியர் சொல்லியிருந்ததால் பத்திரம் ஜெகதாம்பாள் பேரில் இருந்தது. ஆகவே விடுதலைப் போராட்டத் தலைவருக்கு ஓட்டு இல்லை. ஜெகதாம்பாள்தான் போய்ச் சீட்டை மடித்து, ஓட்டுப் பெட்டியாக வைத்திருந்த குக்கருக்குள் போட்டுவிட்டு வந்தாள். எண்ணிப் பார்த்ததில் விலகுவதென்ற கட்சி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தது. சரவெடி வெடித்தார்கள். கழுத்தில் போட்ட மாலை வாடும்வரை சுப்பராயன் அதைக் கழற்றவில்லை.

மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. போர்வெல் சி பிளாக்கில் இருந்தது உண்மைதான். ஆனால் அதன் மோட்டாருக்கு மின்சாரம் ஏ பிளாக் மீட்டர் அறையிலிருந்து போனது. சுப்பராயன் ஓடினார். ஷோபனா அதே சிரிப்போடு கதவைத் திறந்தார்.

"தண்ணி உங்களோடது சார், தாராளமா எடுத்துக்கோங்க. கரண்ட் மட்டும்தான் எங்களோடது."

அன்று முழுக்கப் பேசினார்கள். மூன்று பிளாக்கிலும் ஒருவரும் குளிக்கவில்லை. கடைசியில், ஏ பிளாக் மின்சாரம் தரும், சி பிளாக் தண்ணீர் தரும் என்று முடிவானது. அதாவது முந்தாநாள் எப்படி இருந்ததோ அப்படியே. சுப்பராயன் அதை 'சி பிளாக்கின் முதல் ஒப்பந்தம்' என்று குழுவில் அறிவித்தார்.

அடுத்த வம்பு வாசலில் வந்தது. மெயின் கேட் ஏ பிளாக் பக்கம். காய் வாங்கிக்கொண்டு வந்த சுப்பராயனை வாட்ச்மேன் அமல்ராஜ் மறித்து, வருகையாளர் நோட்டை நீட்டினார்.

"டேய், நான் இங்க குடியிருக்கறவன்டா!"

"எனுக்குத் தெரியாதா சார்? மேடம் சொல்லிகீறாங்கோ, நான் இன்னா பண்றது? சி பிளாக்கு இப்போ வெளியூரு மாதிரியாம். ஒரு கையெழுத்து போட்டுட்டு உன் ஊட்டுக்குப் போ சார்."

யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தில் சுப்பராயன் கோபமாக 'என்னை' என்று எழுதினார். ஜெகதாம்பாள் கோயிலுக்கு, கடைக்கு, மாவு மில்லுக்கு என்று போய்வரும்போதெல்லாம் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்குள் வந்ததும் பேசமாட்டாள், பாத்திரம்தான் பேசும்.

தன்மானமுள்ள பிளாக் தனக்கென்று ஒரு கேட் வைத்துக்கொள்ளும் என்று சுப்பராயன் முடிவு செய்தார். பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரை இடித்தார்கள். அந்தப் பக்கம் காலி மனை. கருவேலம் புதர், குப்பை, மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர். கேட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. காலி மனைத் தண்ணீர் மொத்தமும் உடைத்த வழியாக உள்ளே வந்தது. பின்னாலேயே இரண்டு எருமைகளும் வந்து கார் நிறுத்தத்தில் படுத்துக்கொண்டன. சி பிளாக்கைத் தனி எல்லையாக மதித்துப் பின்வாசல் வழியே வந்தவை அவை மட்டும்தான்.

தண்ணீர் வடிந்த மறுநாள் கீழ்வீட்டுக்காரர்கள் சுப்பராயனைப் பார்க்க வந்தார்கள். சோபா, கட்டில் எல்லாம் நனைந்த கோபம். "மொட்டைமாடி ஒழுகினா மேல இருக்கறவங்களுக்குத்தானே நஷ்டம்? அந்தச் செலவுல எங்களுக்கு எதுக்குப் பங்கு? நாங்க சி பிளாக்கிலேர்ந்து தனியாப் போயிடறோம்" என்றார்கள்.

சுப்பராயன் எழுந்து நின்றார். "ஒரே கட்டடம்ங்க நம்மளுது. உங்க சுவரு மேலதான் எங்க சுவரு நிக்குது. இத்தனை நாள் ஒண்ணா இருந்துட்டு இப்படி வெட்டிக்கிட்டுப் போறது நல்லாவா இருக்கு? பிரிஞ்சி போயி யாருங்க நல்லா இருந்திருக்காங்க?"

அடுப்படியில் ஜெகதாம்பாள் சிரித்த சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது.

அவர்கள் போனபிறகு சுப்பராயன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஒரே ஒரு ஓட்டு, ஜெகதா. எவனோ ஒருத்தன் மாத்திக் குத்தியிருந்தா இந்தக் கஷ்டமே இல்ல. எந்த மடையன் அவன்?"

"நான்தான்" என்றாள்.

"நீயா? உனக்குத்தான் ஷோபனா சிநேகிதமாச்சே. பிரியறதுல உனக்கு இஷ்டமே இல்லியே?"

"இஷ்டம் இல்லதான். நீங்க தோத்துட்டு வந்து உக்காந்தா, ஆயுசுக்கும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இந்த வீட்ல யாரு இருக்கறது? ஜெயிச்சா ஒரு மாசத்துல தெளிஞ்சிடும்னு போட்டேன்."

முப்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் தன்னை இவ்வளவு துல்லியமாக யாரோ படித்து வைத்திருப்பது சுப்பராயனுக்கு அன்றுதான் தெரிந்தது. கோபப்படலாமா, சந்தோஷப்படலாமா என்று புரியாமல் ஒரு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுவாரம் வெங்கட்டைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஷோபனா வீட்டுப் படியேறினார். நிபந்தனைகள் தயாராக இருந்தன. சி பிளாக் திரும்ப வரலாம். லிப்ட் உட்பட எல்லாச் செலவிலும் பங்கு தரவேண்டும். கமிட்டிக் கூட்டத்துக்கு வரலாம், உட்காரலாம், டீ குடிக்கலாம். ஓட்டு மட்டும் இரண்டு வருஷத்துக்குக் கிடையாது.

"இதுக்கு நாம முன்னாடி இருந்த மாதிரியே இருந்திருக்கலாமே அங்கிள்" என்று வெங்கட் காதில் கிசுகிசுத்தான். சுப்பராயன் அவனை முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சி பிளாக் கூட்டத்தில், நமக்குச் சிறப்பு அந்தஸ்து வாங்கி வந்திருப்பதாகச் சொன்னார். பாதிப்பேர் கைதட்டினார்கள்.

பின்பக்கச் சுவரை எழுப்பக் கொத்தனார் வந்தார். சுப்பராயன் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார். முக்கால்வாசி எழும்பியதும் கொத்தனாரை அருகில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மூலையில மட்டும் ஒரு ஆள் நுழையற அளவுக்கு வழி விட்டுடுப்பா."

"எதுக்கு சார்?"

"இருக்கட்டும். நாளைக்கே எப்படியோ."

துணி காயப்போட வந்த ஜெகதாம்பாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவர் பேச்சக் கேக்காதப்பா" என்று சத்தம் போட்டாள். "பத்திரம் என் பேர்ல இருக்கு. முழுசா மூடிப் பூசிடு."