ஹோல்டில் இருந்த இருக்கை

டிசம்பர் கச்சேரிகளுக்கு சீசன் டிக்கெட் எடுப்பது எப்போதும் என் மனைவியின் வேலை. அவள் போனபின் வந்த முதல் சீசனுக்கு நானே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். சபா அரங்கின் படம் திரையில் விரிந்தது. பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் விற்றது. ஆறாவது வரிசையில் நாங்கள் வழக்கமாக உட்காரும் இரண்டு இருக்கைகள் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தன. அழுத்தினால் 'ஹோல்ட்' என்று வந்தது. யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பதறி, மந்தைவெளியிலிருந்து சபாவுக்கு நடந்தே போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். ஹோல்ட் என்றால் விற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. போன வருஷம் எடுத்தவர்களுக்காக அவர்கள் பெயரிலேயே நிறுத்திவைப்பது. வேண்டாமென்றால் 'ரிலீஸ்' செய்வார்கள், பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். திரையில் என் மனைவியின் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மேடம் ரெண்டையும் ரின்யூ பண்றாங்களா சார், இல்ல ஒண்ண ரிலீஸ் பண்ணிடட்டுமா?"

ஒன்று போதும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இரண்டும் இருக்கட்டும் என்று வந்துவிட்டது.

முதல் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. இடது பக்கத்தில் காலியாக இருந்த அவள் இருக்கையில் என் பையைக்கூட நான் வைக்கவில்லை. ஆலாபனை முடிந்து பாட்டு தொடங்கியதும் இடது பக்கம் மெல்லிய சத்தம் கேட்டது. தொடையில் தாளம் போடும் கையின் வளையல் சத்தம். பின் வரிசையில் யாராவது போட்டிருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாலண்டியர் ஒருவர் குனிந்து, சுவரோரம் நிற்கும் வயதான அம்மாளை அந்தக் காலி இருக்கையில் உட்காரவைக்கலாமா என்று கேட்டார்.

"வந்துண்டிருக்கா," என்றேன்.

அந்த அம்மாள் தனி ஆவர்த்தனம் வரைக்கும் கால் மாற்றி மாற்றி நின்றார். அவர் நின்ற பக்கமே நான் பார்க்கவில்லை. சொன்னதை மாற்றிச் சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை சபாவுக்குப் போன் செய்து, மீதி நாட்களுக்கு அந்த இருக்கையை ரிலீஸ் செய்யச் சொன்னேன். சரி சார் என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. உள்ளறையில், தினமும் நான் சார்ஜ் போட்டுவைக்கும் என் மனைவியின் போன் சத்தமிட்டது.

எடுத்துப் படித்தேன். அவள் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்து, தாங்கள் கேட்டுக்கொண்டபடி தங்கள் இருக்கை விடுவிக்கப்பட்டது என்றிருந்தது.

அன்று மாலையும் கச்சேரிக்குப் போனேன். விளக்கு அணைந்ததும் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். முடிகிறவரை அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை.