கன்னியம்மாள் குட்டையில் கெளுத்தி

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்பது சட்டம். ஏரிக்குள் போனால் நாட்டு மீன்களைத் தின்று தீர்த்துவிடும் என்பது காரணம். காரணத்தில் குறையில்லை. ஆனால் ஆந்திர எல்லையில், நகரிப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சட்டம் ஜீப்பில்தான் வரும். வருவது முந்தின நாளே தெரிந்துவிடும்.

கன்னியம்மாள் அம்பத்தூரில் பதினோரு வருஷம் சித்தாள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள். பட்டா கிடைத்த அரை ஏக்கரில் குட்டை வெட்டினாள். குஞ்சு விற்றவன் நாட்டுக் கெளுத்தி என்றுதான் கொடுத்தான். ஆறே மாதத்தில் முழங்கை நீளம் வளர்ந்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. நாட்டு மீனுக்கு இத்தனை அவசரம் கிடையாது.

நாளைக் காலை சோதனை என்றார்கள். பிடிபட்டால் பட்டாவே ரத்தாகிவிடும் என்று ஊரில் பேச்சு. அப்படி எந்த விதியிலும் இல்லை. ஆனால் விதியைப் படித்தவரும் ஊரில் இல்லை.

பக்கத்துக் குட்டைக்காரர் ஏகாம்பரம் யோசனை சொல்ல வந்தார். போன வருஷம் இதே மீனை ஜீப் வருமுன் ஏரிக்கால்வாயில் கவிழ்த்தவர். அதிகாரி காலிக் குட்டையைப் பார்த்து, விதிகளை மதிப்பவர் என்று எழுதிக்கொண்டு போனார்.

“ஏரில உட்டுடு தங்கச்சி. பட்டாவாவது மிஞ்சும்.”

“நீ உட்டதுலருந்து ஏரில வேற மீனு இன்னா கீது, சொல்லுண்ணா.”

அவர் போனபின் வலையோடு இறங்கினாள். ஒரு கூடை நிறைந்தது. கால்வாய் இருபதடி தூரம். இடுப்பில் கூடையோடு கரையில் வெகுநேரம் நின்றவள், கடைசியில் குட்டையிலேயே கவிழ்த்தாள்.

காலையில் அதிகாரி மீனின் தலையைத் தடவிப் பார்த்து, தெலுங்கில் அதன் பெயரைச் சொன்னார். கன்னியம்மாள் பட்டாவை நீட்டினாள். அது எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. அவருடைய தாளில் மீனுக்கு மட்டும்தான் இடமிருந்தது. குழி வெட்டி, மீனையெல்லாம் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும், ஒரு மீன்கூட ஏரிக்குப் போகக் கூடாது, அதற்கு அவளே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சுண்ணாம்பு வருமுன்பே கிளம்பிவிட்டார்.

கரையில் போட்டாலும் கெளுத்தி சுலபத்தில் சாகாது. ஈரமண்ணில் ஊர்ந்து குழியைவிட்டு வெளியேறின. எல்லாம் கால்வாயைப் பார்த்தே. மண்வெட்டியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த ஏகாம்பரத்திடம், தலை நிமிராமலே சொன்னாள்:

“சும்மா நிக்காதண்ணா. அந்தாண்ட போயி கால்வாய மறிச்சிக்கினு நில்லு.”

ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டினார்.