தெளிந்த முகம்

சலூன்காரருக்குக் கத்திரிவாய் என்று பட்டப்பேர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை. வழுக்கைத் தலையர் வந்து உட்கார்ந்தால், "இதுல என்னத்த வெட்ட? சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தீங்களா?" என்பார். பேச்சு வாங்கியவரும் சிரித்துக்கொண்டே அடுத்த மாதம் வருவார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு திரை. உள்ளே துண்டு மடித்துக்கொண்டே அவர் மனைவியும் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நுரையீரலில் கட்டி. பீடியைத் தொட்டதில்லை, என்ன அநியாயம் பாருங்கள்! டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதினார்.

"வளரு வளருன்னு கட்டிக்குள்ள ஒரு சமிக்ஞை ஓயாம போய்க்கிட்டிருக்கு. மாத்திரை அந்த வழியை அடைச்சிடும். தோலுக்கும் அதே சமிக்ஞை வேணுங்கிறதால மூஞ்சியில கொப்புளம் வரும், பயப்படாதீங்க. வேற எந்த மருந்தும் என்னைக் கேக்காம சாப்பிடக் கூடாது."

கட்டி சுருங்கியது. ஆனால் மூக்கு, கன்னம், மண்டை எங்கும் சீழ்க் கொப்புளம். வருஷக்கணக்காக வந்த தையல்காரர், "ஒட்டிக்காதுல்ல?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். கத்திரிவாய் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அதைத்தான் மனைவியால் தாங்க முடியவில்லை.

போதாக்குறைக்கு நெஞ்செரிச்சல் வேறு. அவள் கேஸ் மாத்திரை வாங்கிவந்து, காலையில் இரண்டையும் சேர்த்தே அவர் உள்ளங்கையில் வைத்தாள். கேஸ் மாத்திரையை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? எரிச்சல் அடங்கியது. கொஞ்ச நாளில் கொப்புளமும் உதிர்ந்து முகம் பளிச்சென்று ஆனது. கண்ணாடியை அவர் முன்னால் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். தையல்காரரும் வெட்கமே இல்லாமல் திரும்பி வந்தார்.

அடுத்த ஸ்கேனில் கட்டி கல்லீரல்வரை பரவியிருந்தது.

"வேற ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"கேஸ் மாத்திரை மட்டுந்தான் டாக்டர். நாந்தான் குடுத்தேன். ஒரு நாளும் தவறவிட்டதில்ல," என்றாள் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார். வயிற்றில் புளிப்பு இருந்தால்தான் அந்த மாத்திரை கரையும். கேஸ் மாத்திரை புளிப்பைக் குறைத்துவிட்டது, பாதி மருந்து உடம்பில் ஏறவே இல்லை. முகம் தெளிந்ததும் அதனால்தான்.

"இப்ப நிறுத்திட்டா சரியாயிடுமா?" என்று அவள் கேட்டாள். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் கேட்டிருந்த கத்திரிவாய் வீடு வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பாவி மனுஷன் திட்டவில்லை.

மறுநாள் கடை திறந்தார். தையல்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "மூஞ்சி எப்படித் தெளிஞ்சு போச்சுண்ணே! என்ன பண்ணீங்க?" என்றார்.

"நான் என்னத்தப் பண்ணேன்?" அவர் திரைப்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "எல்லாம் என் பொண்டாட்டி கைராசி!"

உள்ளே அவள் கையிலிருந்த துண்டு நழுவியது.

"அக்கா! அந்த வித்தைய எங்க வீட்டுக்காரிக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க!" என்று தையல்காரர் கத்தினார். கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவள் புருஷன்தான்.