மாடித் தொட்டியில் ஓரிதழ்தாமரை

வாடிப்பட்டியில் சித்தி மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போன அன்று, ஊருக்குச் சற்று முன்னால் எங்கள் ஸ்கூட்டர் பஞ்சரானது. கணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடை தேடிப் போனார். நான் பட்டுச்சேலையோடு ரோட்டோரத் தரிசு நிலத்து வேப்பமரத்தடியில் நின்றேன். காலடியில் புல்லுக்குள் ரோஸ் நிறத்தில் என்னவோ தெரிந்தது. குனிந்து பார்த்தால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூ. அதற்கு ஒரே ஒரு இதழ்.

மற்றவை உதிர்ந்திருக்கும் என்று நினைத்து அடுத்த செடியைப் பார்த்தேன். அதிலும் ஒன்றுதான். பதினைந்து பூக்களாவது பார்த்திருப்பேன், எல்லாமே அப்படித்தான். படமெடுத்து, செடிகளின் பெயர் சொல்லும் ஆப்பில் போட்டேன். மூன்று தடவைக்கு மூன்று பெயர் சொன்னது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நான் தவழாத குறையாகத் திரிவதைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“அது ஓரிதழ்தாமரைக்கா. பெருசா ஒண்ணுதான் தெரியும். மத்ததெல்லாம் உள்ளுக்குள்ள பொடிசா ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும்.”

ஒரு பூவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பெரிய இதழின் அடியில், அரிசி நொய்யைப் போல நான்கு இதழ்கள் இருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தில் விசேஷ வீடே மறந்துபோனது.

பிடுங்கினால் பிழைக்காது, விதையைக் கொண்டுபோங்க என்று அவள் சொன்னதைக் கேட்காமல் ஒரு செடியைப் பிடுங்கினேன். பாதி வேரோடு வந்தது. தல்லாகுளத்தில் எங்கள் மாடி வீட்டுத் தொட்டியில் இரண்டே நாளில் காய்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விதைக்காகப் போனோம். பச்சைக்காய் முற்றவில்லை. முற்றிய காயோ மூன்றாகப் பிளந்து விதையைத் தெறிக்கவிட்டு வெறுமனே நின்றது. என் கணவர் யோசித்து, பழைய கொசுவலையை வெட்டித் தைத்த குட்டிப் பைகளைக் காய்களின் மேல் கட்டலாம் என்றார். மறுவாரம் கட்டினோம். அதற்கடுத்த வாரம் போனபோது, ஒரு பையைக்கூட ஆடு தொட்டிருக்கவில்லை. அந்தப் பெண் ஆடுகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேய விட்டிருந்தாள்.

“இம்புட்டு மெனக்கெட்டுக் கட்டியிருக்கீக, ஆடு தின்னுட்டுப் போச்சுன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள். பைகளுக்குள் வெளிர்மஞ்சளாய்க் கடுகைவிடச் சற்றே பெரிய விதைகள் கிடந்தன. கொண்டுபோயிருந்த லட்டு டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

முதல் பாதி விதையை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். மீதியை, அந்தத் தரிசிலிருந்து அள்ளிவந்த மண்ணில் மணல் கலந்து தூவி, மழைக்கு விட்டுவிட்டேன். ஒரு செடி முளைத்தது. அதற்கு வெயில் பார்த்து, தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்து ஒரு மாதம் சீராட்டினேன். கடைசியில் இலைக்கு அடியில் வரிசையாகக் காய் பிடித்தது. கீழாநெல்லி. கணவர் சிரித்த சிரிப்பு கீழ்வீடு வரைக்கும் கேட்டது. கோபத்தோடு அதைப் பிடுங்கப் போனபோதுதான், அதன் மறைவில் குச்சிபோல இன்னொரு செடி நிற்பதைப் பார்த்தேன். ஒடுங்கிய இலை, நுனியில் ஒரு மொட்டு. மூன்றாம் நாள் காலையில் பூத்தது. வாயில் பிரஷ்ஷோடு வந்த கணவர், அது வாடும்வரை ஆபீசுக்குக் கிளம்ப மனமில்லாமல் நின்றார்.

சித்திரை வெயிலில் செடி காய்ந்து சுள்ளியானது. நாங்கள் ஊரில் இல்லாத நாளில், கீழ்வீட்டு அக்கா, அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர், தொட்டி சும்மா கிடக்கிறதே என்று சுள்ளியை மண்ணோடு ஒட்ட நறுக்கிவிட்டுப் புதினா நட்டுவிட்டார். அவரிடம் என்ன சொல்வது? எனக்கு அழுகை வந்தது. புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஐப்பசி மழை இரண்டு பெய்ததும், புதினாவுக்கு நடுவே பழைய வேர்க்கட்டையிலிருந்து தளிர் வந்தது. ஒன்றல்ல, ஐந்து. அப்போதுதான் எனக்கு விளங்கியது, மேலே காய்ந்தாலும் இந்தச் செடிக்கு அடியில் உயிர் இருக்கும், வருஷா வருஷம் தழைக்கும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, “ஏத்தா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

இப்போது புதினா அவருடைய தனித் தொட்டிக்குப் போய்விட்டது. எங்கள் செடியிலிருந்து தெறித்த விதைகள் அங்கேயும், கறிவேப்பிலைத் தொட்டியிலும், மாடிப்படி வெடிப்பிலும் முளைத்திருக்கின்றன. படியேறி வருகிறவர்களிடம் அக்கா ஓரமாகக் கால் வைக்கச் சொல்கிறார். இன்று காலை வெடிப்பில் மட்டும் ஏழு பூ.